நர்சிங் கல்லூரியின் அங்கீகாரம்: சேருவதற்கு முன் பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்த நாளிலிருந்து சேர்க்கை முடியும் நாள்வரை எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைகின்றன. செவிலியர் கல்வியில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், தெரிந்தவர் மூலமாக வருகிறவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் படிக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. அண்டை மாநிலம், வெளிநாடு பற்றியவை பின்பகுதியில் வருகின்றன.

“அங்கீகாரம், அஃபிலியேஷன், ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?”

இல்லை. மூன்றும் வெவ்வேறு ஒப்புதல்கள்; கொடுப்பவர்களும் வேறு. ஒரு நிலையம் செவிலியர் கல்வி நடத்தத் தகுந்தது என்று செவிலியர் கவுன்சில் ஏற்றுக்கொள்வது அங்கீகாரம். அந்தக் கல்லூரியின் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்வது இணைவு, அதாவது அஃபிலியேஷன். பதிவு, அதாவது ரெஜிஸ்ட்ரேஷன், கல்லூரிக்கு உரியதன்று. படித்து முடித்தவரின் பெயர் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறுவதுதான் அது.

முதல் இரண்டும் முறையாக இருந்தால்தான் மூன்றாவது கிடைக்கும். கல்லூரியைப் பற்றி நீங்கள் விசாரிப்பது எல்லாமே உங்கள் பெண்ணின் அல்லது பையனின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறுமா என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுவதுதான்.

“பாடம் நன்றாக நடத்துகிறார்கள், ஆஸ்பத்திரியும் சொந்தமாக இருக்கிறது. அங்கீகாரம் வெறும் காகிதம்தானே?”

அந்தக் காகிதம் இல்லாவிட்டால் படித்த படிப்பைச் சட்டம் ஏற்பதில்லை. பதிவு பெற்றவர்தான் செவிலியர். தங்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.என்.ஆர்.எம். என்று செவிலியர்கள் எழுதிக்கொள்வது பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு உதவியாளர் என்பதன் சுருக்கம். அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. இந்தப் பதிவைக் கேட்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வும் கேட்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகள் வேலையில் சேரும் நாளிலேயே கேட்கின்றன.

ஒரு பெண் என்னிடம் வந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாவற்றிலும் கை தேர்ந்தவள். இரண்டு ஆண்டுகள் பணம் கட்டிப் படித்திருந்தாள். அவள் படித்த நிலையம் எந்தக் கவுன்சிலின் பட்டியலிலும் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளை எதிலும் கழித்துக்கொள்ள வழியில்லாததால், முதலிலிருந்து ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பில் சேருவது ஒன்றே அவளுக்கு மிச்சமிருந்த வழி. அவளுடைய திறமையில் யாரும் குறை சொல்லவில்லை. தேர்வு எழுதவே அவளை யாரும் அனுமதிக்கவில்லை.

“யார் யாரிடமெல்லாம் ஒரு கல்லூரி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்?”

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் கல்லூரியை எடுத்துக்கொண்டால் நான்கு இடங்கள். முதலாவது, இந்த இடத்தில் கல்லூரி தொடங்கலாம் என்ற மாநில அரசின் அனுமதி. இது அரசாணையாக இருக்கும். இரண்டாவது, இந்திய நர்சிங் கவுன்சில் என்ற ஐ.என்.சி.; 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இதன் அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. மூன்றாவது, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், பேச்சு வழக்கில் ஸ்டேட் கவுன்சில். நான்காவது, தேர்வு நடத்திப் பட்டம் தரும் பல்கலைக்கழகம். இங்கே பெரும்பாலான கல்லூரிகளுக்கு அது சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

ஜி.என்.எம்., துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். ஆகியவை பட்டப்படிப்புகள் அல்ல என்பதால் அவற்றுக்குப் பல்கலைக்கழக இணைவு கிடையாது. அங்கே பல்கலைக்கழகத்தின் இடத்தில் ஐ.என்.சி. ஏற்றுக்கொண்ட தேர்வு வாரியம் ஒன்று இருக்கும். மிஷன் மருத்துவமனைகள் சிலவற்றின் பள்ளிகள் தென்னிந்தியாவுக்கான தனி வாரியத்தின் கீழ் தேர்வு எழுதவைக்கின்றன, அதுவும் செல்லும். “இறுதித் தேர்வை நடத்துவது யார், சான்றிதழில் யாருடைய முத்திரை இருக்கும்?” என்று பள்ளியில் நேரடியாகக் கேளுங்கள். தெளிவான ஒரு பெயரைச் சொல்லத் தயங்குகிற பள்ளியில் பணம் கட்ட வேண்டாம்.

“ஐ.என்.சி. பெரியதா, ஸ்டேட் கவுன்சில் பெரியதா? ஒன்று இருந்தால் போதாதா?”

வேலைகள் வேறு. பாடத்திட்டம், ஆசிரியர் எண்ணிக்கை, மருத்துவமனை வசதி ஆகியவற்றில் நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்ச அளவுகளை வகுப்பது ஐ.என்.சி. இப்போதைய எட்டுப் பருவ பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021ஆம் ஆண்டு அது கொண்டுவந்ததுதான். ஆளைப் பதிவு செய்து கையில் சான்று கொடுப்பது மாநிலக் கவுன்சில். சென்னை மாகாணத்தில் 1926இலேயே செவிலியர் சட்டம் வந்துவிட்டதால், நம்முடைய கவுன்சில் ஐ.என்.சி.யைவிட மூத்தது.

தமிழ்நாட்டில் இரண்டும் இருக்கிற கல்லூரியையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பது சட்டத்தில் கொஞ்சம் சிக்கலான விஷயம். பெங்களூரு பற்றிய கேள்வியில் அதை விளக்கியிருக்கிறேன்.

“காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்றால் அங்கே நடக்கிற எல்லாக் கோர்ஸுக்கும் சேர்த்துத்தானே?”

அப்படி நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் கட்டடத்துக்கோ பெயர்ப் பலகைக்கோ தரப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, இத்தனை இடங்கள் என்ற கணக்குடன், இந்தக் கல்வியாண்டுக்கு என்ற வரையறையுடன் தரப்படுகிறது. இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்சி., ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதற்கு மேல் எம்.எஸ்சி. என்று ஒரே வளாகத்தில் ஐந்து படிப்புகள் நடக்கலாம். அவற்றில் மூன்றுக்கு ஒப்புதல் இருந்து, மற்ற இரண்டுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே “இந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா?” என்று கேட்காதீர்கள். “நான் சேரப்போகிற படிப்புக்கு, நான் சேரப்போகிற ஆண்டில், எத்தனை இடங்களுக்கு ஒப்புதல் இருக்கிறது?” என்று கேளுங்கள். பின்வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை இந்தக் கேள்விதான்.

“இடங்களின் எண்ணிக்கை கல்லூரிக்காரர்கள் கவலை. அதைப் பற்றி நாங்கள் ஏன் யோசிக்க வேண்டும்?”

அறுபது இடங்களுக்கு ஒப்புதல் வாங்கிய கல்லூரி எழுபத்தைந்து பேரைச் சேர்த்துக்கொண்டால், மிஞ்சிய பதினைந்து பேரில் ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அவர்களின் பெயரைத் தேர்வுக்கு ஏற்கப் பல்கலைக்கழகம் மறுக்கலாம். கல்லூரி வழக்குப் போடும், இடைக்காலத் தீர்ப்பு வரும், படிப்பு நடுவில் தொங்கும். சேர்க்கை முடிந்த சில மாதங்களில் பல்கலைக்கழகப் பதிவு எண் கைக்கு வந்ததா என்று பார்த்துவிடுங்கள்.

அரசுத் தேர்வுக்குழுவின் கலந்தாய்வு மூலம் சேருகிறவர்களுக்கு இந்த அச்சம் குறைவு. அரசு ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிகளின் இடங்களும் வருகின்றன என்பதால், நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போகும் முன் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

“எங்கள் ஊரில் ஒரு வருட நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சேர்க்கலாமா?”

ஓராண்டில் செவிலியராகும் படிப்பு இந்தியாவில் இல்லை. ஐ.என்.சி. ஏற்கும் அடிப்படைப் படிப்புகளில் மிகக் குறுகியது ஏ.என்.எம்.; அதுவே இரண்டு ஆண்டுகள். ஆறு மாதமோ ஓராண்டோ நடத்தப்படுபவை உதவியாளர் பயிற்சிகள். நோயாளியைக் குளிப்பாட்டவும் படுக்கை மாற்றவும் முதியவர்களை வீட்டில் கவனித்துக்கொள்ளவும் கற்றுத்தருகிற அந்தப் பயிற்சி மதிப்புக் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலைக்கு என்று தெரிந்து சேருகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். அதைச் செவிலியர் படிப்பு என்று சொல்லி, வெள்ளைச் சீருடை கொடுத்து, பெரிய தொகை வாங்குவதுதான் தவறு.

“அரசு அங்கீகாரம்” என்ற சொல்லுக்குள் எதையும் ஒளித்துவைக்க முடியும். அறக்கட்டளையாகப் பதிவு செய்திருப்பதும் சங்கமாகப் பதிவு செய்திருப்பதும்கூட அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். எந்த அரசு, எந்தத் துறை, எந்த எண்ணுள்ள ஆணை, எந்தத் தேதி என்று கேளுங்கள்.

“அஞ்சல் வழியில் நர்சிங் படிக்கலாம் என்கிறார்களே?”

ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. ஆகிய மூன்றையும் அஞ்சல் வழியிலோ இணையவழியிலோ படிக்க முடியாது. ஏற்கெனவே பதிவு பெற்றுப் பணியில் இருக்கும் ஜி.என்.எம். செவிலியர்களுக்கு இக்னோ பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்திவந்த போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யைக் காட்டி, பிளஸ் டூ முடித்தவரையும் அஞ்சல் வழியில் சேர்க்கலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

“சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்று ஏன் இவ்வளவு விசாரிக்கச் சொல்கிறீர்கள்?”

செவிலியர் கல்வியின் பாதி வார்டில் நடக்கிறது. பி.எஸ்சி. கல்லூரி தொடங்குவதற்கு நூறு படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்பது ஐ.என்.சி.யின் விதி. படுக்கைகள் வெறுமனே போடப்பட்டிருந்தால் போதாது. நூற்றுக்கு எழுபத்தைந்திலாவது நோயாளிகள் இருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்பதும், பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதே விதிகளில் உள்ளவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு படுக்கைகளில் எழுபத்தைந்து நோயாளிகள் என்றால், ஒரே நேரத்தில் இருபத்தைந்து மாணவர்கள்தான் அங்கே முறையாகப் பயிற்சி பெற முடியும். ஆண்டுக்கு அறுபது பேரைச் சேர்க்கிற கல்லூரியில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது பேர் இருப்பார்கள். மீதமுள்ளவர்களுக்குக் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, எங்கே? அரசு மருத்துவமனையுடனும் ஆரம்ப சுகாதார நிலையத்துடனும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். மனநலப் பயிற்சிக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகம் போன்ற இடத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேட்க வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அலுவலக அறையோடு திரும்பிவிடாதீர்கள். வேலைநாளில் காலை பத்து மணி அளவில் அந்த மருத்துவமனையின் வார்டுகளுக்குள் நடந்து பாருங்கள். படுக்கையில் நோயாளி இருக்கிறாரா, அருகில் மாணவர் நிற்கிறாரா, அவரோடு ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா என்பதை யாரிடமும் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம். ஆய்வுக்குழு வருகிற ஒரு நாளுக்கு மட்டும் படுக்கைகளை நிரப்பிவிட முடியும். நீங்கள் சொல்லாமல் போகிற நாளுக்கு அப்படிச் செய்ய முடியாது.

“சரி, இதையெல்லாம் நாங்களாக எப்படிச் சரிபார்ப்பது? எங்களுக்கு யாரையும் தெரியாது.”

யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐ.என்.சி. தன் இணையதளத்தில் மாநிலவாரியாகவும் படிப்புவாரியாகவும் நிலையங்களின் பட்டியலை வெளியிடுகிறது. இடங்களின் எண்ணிக்கையும் அதில் இருக்கும். மாநிலக் கவுன்சிலின் தளத்திலும் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் தளத்திலும் பட்டியல்கள் உள்ளன. மூன்றிலும் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது; ஊரும் நடத்தும் அறக்கட்டளையும் பொருந்த வேண்டும். புகழ்பெற்ற கல்லூரியின் பெயரோடு ஒரு சொல்லை மட்டும் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்கிற நிலையங்கள் இருக்கின்றன.

கல்லூரியிடம் நான்கு ஒப்புதல்களின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கல்வியாண்டு எது என்று படித்துப் பாருங்கள். முறையாக நடக்கிற கல்லூரிகள் இவற்றைக் காட்டத் தயங்குவதில்லை. ஐயம் தீராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் மாநிலக் கவுன்சிலுக்கு ஒரு மனு எழுதலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். சேர்க்கைக் காலத்தில் முப்பது நாள் காத்திருப்பது கடினம் என்பதால், பிளஸ் டூ தேர்வு நடக்கும்போதே எழுதிப்போடுவது நல்லது.

“புதிய கல்லூரி. ‘ஐ.என்.சி.க்கு விண்ணப்பித்திருக்கிறோம், இந்த மாதம் வந்துவிடும், அதற்குள் இடம் போய்விடும்’ என்கிறார்கள். நம்பலாமா?”

நம்ப வேண்டாம். விண்ணப்பம் வேறு, ஒப்புதல் வேறு. ஆய்வுக்கு வந்தவர்கள் குறை கண்டால் அந்த ஆண்டே போய்விடும். ஒப்புதல் வருவதற்கு முன் சேர்த்துக்கொண்ட மாணவர்களை அந்த ஆண்டின் மாணவர்களாகப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறார்கள் என்பதையே விலகி நிற்பதற்குப் போதிய காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய கல்லூரி என்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய, நல்ல மருத்துவமனை ஒன்று புதிதாகக் கல்லூரி தொடங்கினால் அங்கே வார்டுப் பயிற்சி சிறப்பாகவே இருக்கக்கூடும். ஆணை கையில் வந்த பிறகு சேருங்கள்.

“நாக் ஏ பிளஸ், ஐ.எஸ்.ஓ., என்.ஏ.பி.எச். என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?”

இவற்றில் எதுவும் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரத்துக்கு ஈடாகாது. நாக் என்பது 1994இல் யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு; ஒரு கல்வி நிறுவனத்தின் பொதுத்தரத்தை மதிப்பிடுகிறது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் கிடைத்த தரநிலையை அதன் நர்சிங் கல்லூரியின் விளம்பரத்திலும் போடுவார்கள். என்.ஏ.பி.எச். மருத்துவமனையின் சேவைத்தரத்தைப் பற்றியது. ஐ.எஸ்.ஓ. சான்று அலுவலக நிர்வாக முறையைப் பற்றியது. பாடத்தைப் பற்றியோ பதிவைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

கவுன்சில், பல்கலைக்கழகம் இரண்டும் சரியாக இருக்கும் இரு கல்லூரிகளில் எதைத் தேர்வது என்று வரும்போது இவை உதவும். தாய் மருத்துவமனைக்கு என்.ஏ.பி.எச். இருப்பதை நான் மதிக்கிறேன். தொற்றுத்தடுப்பும் மருந்துப் பதிவேடும் ஒழுங்காக நடக்கிற வார்டில் பயிலும் மாணவர் சரியான பழக்கங்களோடு வெளியே வருவார். ஆனால் அது இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது.

“நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு எம்.ஜி.ஆர். பல்கலைக்கழக அஃபிலியேஷன் இல்லையே, அது செல்லுமா?”

செல்லும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தானே தேர்வு நடத்தித் தானே பட்டம் தருவதால் வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்க வேண்டியதில்லை. பட்டம் தரும் அதிகாரம் அதற்கு உண்டா என்பதை யு.ஜி.சி. தளத்தில் பார்க்கலாம், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. வெளியிட்டு வருகிறது. செவிலியர் கவுன்சில் ஒப்புதலிலிருந்து நிகர்நிலைக்கும் விலக்கு இல்லை. ஆகவே மேலே நான்கு இடங்கள் என்று சொன்னதில் நான்காவது மட்டுமே மாறுகிறது.

“பெங்களூருவில் ஏஜென்ட் ஒருவர் சீட் வாங்கித் தருகிறார். ‘கர்நாடகாவில் ஐ.என்.சி. தேவையில்லை, கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்கிறார். உண்மையா?”

பாதி உண்மை. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு ‘தகுதி’களை, அதாவது பல்கலைக்கழகமோ வாரியமோ தரும் பட்டத்தையும் பட்டயத்தையும் அங்கீகரிப்பதைப் பற்றிப் பேசுகிறது. தனித்தனிக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அதிகாரம் அதில் இல்லை என்பது கர்நாடகக் கல்லூரி நிர்வாகங்களின் வாதம். 2017இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. ஐ.என்.சி. பட்டியலில் இல்லாவிட்டாலும், மாநிலக் கவுன்சிலும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் ஏற்ற கல்லூரியில் படித்தவர் அங்கே பதிவு பெறுவது அதனால்தான்.

ஏஜென்ட் சொல்லாமல் விட்ட பாதி, வேலைக்கு எடுப்பவர்களைப் பற்றியது. எய்ம்ஸ் நார்செட் அறிவிப்பு ‘ஐ.என்.சி. அல்லது மாநிலக் கவுன்சில்’ ஏற்ற நிலையம் என்று இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. எல்லா அறிவிப்புகளும் அப்படி எழுதப்படுவதில்லை. ‘ஐ.என்.சி. ஏற்ற நிலையம்’ என்று மட்டும் ஒரு நிறுவனம் எழுதிவிட்டால், உங்கள் பெண் நீதிமன்றத் தீர்ப்பின் நகலோடு அங்கே வாதாட வேண்டியிருக்கும். இருபத்திரண்டு வயதில் வேலை தேடுகிறவரின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம் என்பதற்காகவே, இரண்டு பட்டியலிலும் உள்ள கல்லூரியைத் தேடுங்கள் என்கிறேன். கர்நாடகாவிலும் அப்படிப்பட்ட கல்லூரிகள் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிமாநிலத்தில் படித்தவர் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்து, பிறகுதான் அதன் தடையின்மைச் சான்றோடு தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொள்ள முடியும். அதற்கு மாதங்கள் ஆகலாம். ஊர் திரும்பியவுடன் எம்.ஆர்.பி. தேர்வு எழுத நினைப்பவர்கள் இந்தக் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“புதிய சட்டம் வந்துவிட்டதாம், இனி ஐ.என்.சி.யே கிடையாதாம். இப்போது சேருகிறவர்கள் யாரை நம்புவது?”

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையத்தை அமைப்பதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியது. கல்வித்தரத்துக்கு ஒன்று, நிலையங்களை ஆய்ந்து மதிப்பிடுவதற்கு ஒன்று, ஒழுக்கநெறிக்கும் பதிவுக்கும் ஒன்று என மூன்று வாரியங்கள் அதன் கீழ் அமைய வேண்டும். மாநிலங்களிலும் ஆணையங்கள் அமைய வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்களின் உரிமையை அது பறிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதனால் பெரிதாக மாறுவதில்லை. நீங்கள் சேருகிற ஆண்டில் அந்த அதிகாரம் எந்த அமைப்பின் கையில் இருக்கிறதோ, அதன் ஆணையில் உங்கள் படிப்பும் ஆண்டும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். “பழைய அமைப்பு போய்விட்டது, அதனால் எந்த ஒப்புதலும் வேண்டாம்” என்று சொல்கிறவர் உங்களைத் தவறாக வழிநடத்துகிறார்.

“பிறகு வெளிநாடு போக வேண்டும். அமெரிக்காவில் அக்ரெடிடேஷன் கேட்பார்களாமே, எந்தக் கல்லூரிக்கு அது இருக்கிறது?”

அமெரிக்காவில் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்வியை இங்கே கொண்டுவந்து குழம்ப வேண்டாம். அங்கே மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் ஒன்று; அதற்கு மேல் ஏ.சி.இ.என்., சி.சி.என்.இ. என்ற அமைப்புகள் தரும் தரச்சான்று வேறொன்று. அந்நாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இங்கே படித்துவிட்டுப் போகிறவரிடம் அவர்கள் கேட்பது வேறு. சொந்த நாட்டில் பதிவு பெற்ற செவிலியரா என்று பார்க்கிறார்கள். பிரிட்டனுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இது பொருந்தும். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் கவுன்சிலுக்கும் நேரடியாக எழுதி உறுதி செய்துகொள்கிறது. அமெரிக்காவுக்கான சான்று மதிப்பீட்டில், மருத்துவம்–அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகிய பிரிவுகளில் வகுப்பிலும் வார்டிலும் எத்தனை மணி நேரம் பயின்றீர்கள் என்று பார்க்கிறார்கள். வார்டுப் பயிற்சியைக் காகிதத்தில் மட்டும் முடித்த கல்லூரியில் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். சொந்த மருத்துவமனை பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

“படித்துக்கொண்டிருக்கும்போதே கல்லூரியின் அங்கீகாரம் போய்விட்டால்? முடித்த பிறகு கல்லூரியையே மூடிவிட்டால்?”

முடித்துப் பதிவும் பெற்றவர்களுக்கு அச்சம் இல்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அங்கீகாரத்தை விலக்கிக்கொள்ளும்போது ஒரு தேதியைக் குறிப்பிடச் சொல்கிறது. அந்தத் தேதிக்கு முன் தரப்பட்ட தகுதி செல்லும். கல்லூரி மூடப்பட்டாலும் மதிப்பெண் பதிவுகள் பல்கலைக்கழகத்திலும், பதிவு கவுன்சிலிலும் இருக்கும். ஆனால் போஸ்டிங் மணிக்கணக்கு அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட் என்ற படிப்பு விவரச் சான்றைக் கல்லூரி இயங்கும்போதே வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது. பின்னால் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதற்காகத்தான் அலைகிறார்கள்.

நடுவில் இருப்பவர்களின் நிலைதான் கடினம். புதிய சேர்க்கையை மட்டும் நிறுத்தியிருந்தால், ஏற்கெனவே முறையாகச் சேர்ந்தவர்கள் படித்து முடிக்க வழி இருக்கும். பல்கலைக்கழக இணைவே போய்விட்டால் வேறு கல்லூரிக்கு மாற்றும்படி மாணவர்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்பதைவிட வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுத்தில் கேட்பது பலன் தரும்.

“நாங்கள் ஏற்கெனவே சேர்த்துவிட்டோம். இரண்டாம் ஆண்டு நடக்கிறது. இப்போதுதான் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை என்று தெரிகிறது. என்ன செய்வது?”

முதலில் எது இல்லை என்று பிரித்துப் பாருங்கள். பல்கலைக்கழகப் பதிவு எண் இருக்கிறதா, முதலாண்டுத் தேர்வைப் பல்கலைக்கழகமே நடத்தி மதிப்பெண் பட்டியல் தந்ததா? இரண்டும் இருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கவுன்சில் ஒப்புதலின் புதுப்பித்தல் தாமதமாகியிருக்கலாம். மாநிலக் கவுன்சிலுக்கு எழுதி நிலையைத் தெரிந்துகொண்டு, கல்லூரியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வாயால் சொல்கிற உறுதியை ஏற்காதீர்கள்.

அந்த இரண்டும் இல்லையென்றால், இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிய தொகையின் ரசீதுகள், விளம்பரத் தாள், சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துவைத்துக் காவல் நிலையத்திலும் மாநிலக் கவுன்சிலிலும் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். அடுத்த சேர்க்கைக்குப் பிளஸ் டூ சான்றிதழ் கையில் இருந்தாக வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஓராண்டு போவது பெரிய இழப்பாகத் தெரியும். முறையான கல்லூரியில் முதலாண்டிலிருந்து மறுபடி தொடங்கி, இன்று அரசு மருத்துவமனைகளில் பணிபுரிகிறவர்களை நான் அறிவேன். பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தப் பெயர்ப் பலகையை நம்பியதில் பெரியவர்களான நமக்கும் பங்கு இருக்கிறது.